பள்ளியின் தரமும் பிள்ளைகளின் கூலி வேலையும்

கேள்வி இது: "இந்தியாவில் பிள்ளைகள் வேலைக்குப் போவதற்கு வறுமைதான் காரணம், வறுமை தீராமல் இது தீராது என்கிறார்கள். அப்படியிருக்க, பள்ளிகளின் தரத்தைப் பற்றி இவ்வளவு பேசுவது எதற்கு? சட்டத்தைக் கடுமையாக்கினால் போதாதா?"

வறுமை ஒரு காரணம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டால், ஒரே அளவு வறுமை உள்ள இரண்டு ஊர்களில் ஒன்றில் பிள்ளைகள் வகுப்பறையிலும் இன்னொன்றில் வேலையிலும் இருப்பது ஏன் என்று புரியாது. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்தந்த ஊர்ப் பள்ளியுடையது என்பது என் கருத்து. சட்டம் தேவைதான். ஆனால் பள்ளி சரியில்லாத இடத்தில் சட்டம் தனியாக நின்று சாதித்தது மிகக் குறைவு.

முதலில் கொஞ்சம் கணக்கு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5 முதல் 14 வயதுக்குள் வேலை செய்தவர்கள் ஏறத்தாழ 1.26 கோடி. 2011-ல் 1.01 கோடி. குழந்தைத் தொழிலாளர் என்றதும் பட்டாசும் கம்பளமும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் உலக அளவில் 2024-ல் இருந்ததாக மதிப்பிடப்பட்ட 13.8 கோடி குழந்தைத் தொழிலாளர்களில் 61 சதவீதம் பேர் விவசாயத்திலும் அது சார்ந்த வேலைகளிலும் இருந்தார்கள். களை பறிப்பது, ஆடு மேய்ப்பது, பருத்தி எடுப்பது. இது போக, வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பத்து வயதுப் பெண் பல கணக்குகளில் வருவதே இல்லை. ஆலையில் ரெய்டு போகலாம்; சொந்தக் காட்டில் களை பறிக்கும் பிள்ளையை எந்த ஆய்வாளர் பிடிப்பார்?

அதனால் பிள்ளை எங்கே வேலை செய்கிறது என்பதை விட, பள்ளியை எப்போது, ஏன் விட்டது என்று கேட்பது பயனுள்ளது. இதற்கு நல்ல ஆதாரம் 1996-ல் வட இந்தியக் கிராமங்களில் எடுக்கப்பட்டு, 1999-ல் புரோப் அறிக்கை என்ற பெயரில் வந்த ஆய்வு. பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றோடு, ஒப்பிட்டுப் பார்க்க இமாசலப் பிரதேசத்தையும் எடுத்துக்கொண்டார்கள். ஏழைப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்ற பழைய பேச்சு அங்கேயே அடிபட்டுப் போனது. பையனுக்குப் படிப்பு முக்கியம் என்றவர்கள் 98 சதவீதம், பெண்ணுக்கும் முக்கியம் என்றவர்கள் 89 சதவீதம். ஆனால் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்த்தபோது பாதிப் பள்ளிகளில் பாடமே நடக்கவில்லை. இமாசலத்தில் அரசுப் பள்ளிகள் ஒழுங்காக நடந்தன, பிள்ளைகளும் பள்ளியில் இருந்தார்கள். அதுவும் ஒரு காலத்தில் எழுத்தறிவில் பின்தங்கிக் கிடந்த மலைப் பகுதிதான்.

அந்த அறிக்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நாள் முழுக்க விழுங்கும் வேலை எதுவும் இல்லை. நாளைக்குச் சில மணி நேர வேலை, அதுவும் பெரும்பாலும் வீட்டு வேலை, சொந்த நிலத்து வேலை. அதாவது பல பிள்ளைகள் வேலைக்குப் போனதால் பள்ளியை விடவில்லை. பள்ளி கைவிட்டது, சும்மா இருந்தார்கள், அப்புறம் வேலை வந்து ஒட்டிக்கொண்டது.

இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் தரம் எங்கே வருகிறது என்பது புரியும். முதல் வகுப்பில் எல்லோரும் சேர்கிறார்கள். சேர்க்கை விழா, மாலை, சாக்லேட் எல்லாம் உண்டு. இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டி வாசிக்க வராத பிள்ளைகள் சிலர் பின்னால் நகர்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் பாடநூல் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆசிரியர் பாடத்தை முடிக்க வேண்டும், முடிக்கிறார். நான்காம் வகுப்பில் அந்தப் பையனுக்கு வகுப்பறை என்பது ஒன்றும் புரியாமல் ஆறு மணி நேரம் உட்காரும் இடம். அறுப்புக் காலத்தில் பத்து நாள் வரவில்லை, யாரும் தேடவில்லை. திரும்பி வந்தபோது இன்னும் புரியவில்லை. பன்னிரண்டு வயதில், "அங்க போய்ச் சும்மா உட்கார்றதுக்கு என்கூட வாடா" என்று அப்பா அழைக்கும்போது, அப்பா செய்வது தவறான கணக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பள்ளி கொடுத்ததையும் வேலை கொடுப்பதையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கிராமப்புறப் பிள்ளைகளை வீட்டிலேயே போய்ச் சோதிக்கும் அசர் ஆய்வின் 2024 கணக்குப்படி, ஐந்தாம் வகுப்பில் இருப்பவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 48.8 சதவீதம். தமிழ்நாடு இந்தச் சராசரிக்கும் கீழே இருக்கிறது. அந்த ஆய்வு எடுக்கப்படும் முறையை இங்கே பலர் குறை சொல்கிறார்கள். சரி, பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தே பாருங்கள், நிலைமை பெரிதாக மாறாது.

தரம் என்றவுடன் ஸ்மார்ட் வகுப்பறை, ஆங்கில வழி என்று போய்விடுகிறோம். நான் சொல்லும் தரம் அதைவிட எளிமையானது: ஆசிரியர் வருகிறாரா, வந்தால் கற்பிக்க அவருக்கு நேரம் இருக்கிறதா, மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை வாசிக்கிறதா. 2003-ல் நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்ததில் நான்கில் ஒரு ஆசிரியர் பள்ளியில் இல்லை. பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஏறத்தாழ பாதிப்பேர். ராஜஸ்தானில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் மையங்களில், தேதியும் நேரமும் பதியும் கேமராவை ஆசிரியரிடம் கொடுத்து, வந்த நாளுக்கு ஏற்பச் சம்பளம் என்று வைத்துப் பார்த்தார்கள். வராத நாட்கள் 42 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைந்தன, பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ஏறியது. இதைப் படித்துவிட்டு ஆசிரியர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்று முடிவு கட்ட வேண்டாம். நாட்டில் இன்றும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒரே ஆசிரியர்தான். அவரே ஐந்து வகுப்புக்கும் பாடம் எடுக்க வேண்டும், சத்துணவைப் பார்க்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், தேர்தல் வேலைக்குப் போக வேண்டும். அவர் ஒரு நாள் கூட்டத்துக்குப் போனால் அன்றைக்கு அந்த ஊரில் பள்ளியே கிடையாது.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அறிவு குறைவு என்ற எண்ணம் ஒன்று நம்மிடம் ஒளிந்திருக்கிறது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைக் கடைகளில் நிற்கும் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2025-ல் வெளிவந்தது. வாங்க வருபவர்போல் போய், வழக்கமில்லாத எடையில் இரண்டு காய்களைக் கேட்டு, பெரிய நோட்டை நீட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் பெருக்கி, கூட்டி, மீதிச் சில்லறையைச் சரியாகத் திருப்பித் தந்திருக்கிறார்கள், காகிதம் பேனா இல்லாமல். அதே பிள்ளைகளிடம் பாடப்புத்தக வடிவில் ஒரு வகுத்தல் கணக்கை நீட்டினால் பெரும்பாலோரால் போட முடியவில்லை. பக்கத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் கதை தலைகீழ்: தாளில் உள்ள கணக்கைப் போட்டார்கள், சந்தைக் கணக்கில் திணறினார்கள். இதில் எனக்கு வருத்தம் தருவது, கடையில் நிற்கும் பிள்ளைகளிலும் பலர் பள்ளியில் பெயர் உள்ளவர்கள் என்பதே. தன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு மனக்கணக்கு இவ்வளவு வரும் என்பது தெரியாமலே பள்ளி அவனைப் பெயிலாக்கி வைத்திருக்கிறது.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இதற்குள் எல்லாமே இருக்கிறது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் ஆலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். எழுபது எண்பதுகளில் விடிவதற்கு முன்பே ஆபீஸ் பஸ் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். சட்டகத்தில் குச்சிகளை வரிசையாக அடுக்கும் வேலைக்குக் கட்டை அடுக்குவது என்று பெயர். சின்ன விரல் வேகமாக ஓடும் என்பார்கள். கூலி நாளுக்கு அல்ல, கட்டைக்கு இவ்வளவு. இந்த முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆளுக்குக் கூலி என்றால் பிள்ளையைக் கூட்டிப் போவதில் குடும்பத்துக்கு வரவு குறைவு. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் எட்டு வயதுக் கையும் வருமானம். அதற்கு மேல் முன்பணம். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ ஆபீஸில் வாங்கிய தொகைக்குப் பிள்ளையின் உழைப்பு கழியும். பிள்ளைகள் மலிவாகக் கிடைத்ததால் பெரியவர்களின் கூலியும் ஏறவில்லை. வறுமை பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறது என்பது சரி. பிள்ளை வேலைக்குப் போவதால் வறுமை அப்படியே நிற்கிறது என்பதும் அங்கே கண்ணெதிரே நடந்தது.

சிவகாசியை முன்வைத்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பு சொன்னது. அபாயத் தொழிலில் பிள்ளையை வைத்திருந்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு வேலையை அரசு ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் சேர்த்துப் போட வேண்டும். அந்தத் தொகையின் வட்டி பிள்ளையின் படிப்புக்கு. நல்ல தீர்ப்பு, நடைமுறையில் ஓரளவுதான் நடந்தது. அதற்கு முன்பே, 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிறப்புப் பள்ளிகள் வந்தன. மீட்கப்பட்ட பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைத்து, மாதம் சிறு உதவித்தொகை கொடுத்து, பிறகு வழக்கமான பள்ளிக்கு அனுப்புவது திட்டம். அந்தப் பள்ளிகளில் உழைத்தவர்களுக்கு மிகக் குறைந்த மதிப்பூதியம்தான், அதுவும் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும். மற்ற எல்லோரையும் விட நன்றாகக் கற்பிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு நாட்டிலேயே குறைந்த சம்பள ஆசிரியரைக் கொடுத்த திட்டம் என்று இதை நான் குறை சொல்வதுண்டு. ஆசிரியர்களை அல்ல, கணக்குப் போட்டவர்களை. 2021-க்குப் பிறகு இது ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது.

தீப்பெட்டி ஆபீஸ்களில் பிள்ளைகள் குறைந்ததற்கு இவை மட்டும் காரணமில்லை. இயந்திரங்கள் வந்தன. வீட்டுக்கு ஐந்தாறு பிள்ளைகள் என்ற நிலை இரண்டுக்கு வந்தது. ஊர்ப் பக்கம் பள்ளி, பஸ் வந்தன. 1956-ல் காமராஜர் ஆட்சியில் தொடங்கி 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் ஒரு வேளைச் சாப்பாடு மிச்சம் என்று வீட்டுக் கணக்கையே மாற்றியது. 2022-ல் காலை உணவும் வந்தது. ஆனால் சோறு பிள்ளையை வகுப்பறை வரை கொண்டுவரும், வாசிக்க வைக்காது.

ஆந்திராவில் ரங்கா ரெட்டி மாவட்டத்தில், இப்போது தெலங்கானாவில் இருக்கிறது, தொண்ணூறுகளில் எம்.வி. ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் வேறு பாதையில் போனது. சாந்தா சின்ஹா தலைமையில் அவர்கள் வைத்த நிலைப்பாடு: பள்ளிக்கு வெளியே இருக்கும் எந்தப் பிள்ளையும் குழந்தைத் தொழிலாளிதான், அபாய வேலை, அபாயமில்லா வேலை என்ற பாகுபாடே வேண்டாம். மீட்ட பிள்ளைகளை முகாமில் சில மாதங்கள் தங்க வைத்து, விட்டுப்போன பாடங்களைச் சேர்த்துக் கற்பித்து, வயதுக்கேற்ற வகுப்பில் நேராக அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். பன்னிரண்டு வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் இரண்டு நாளில் ஓடிவிடுவான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு அந்தப் பள்ளியில் ஆசிரியர் இருக்கிறாரா என்று ஊர்க்காரர்களை வைத்தே கேட்க வைத்தார்கள். கூலி இழப்புக்குப் பணம் எதுவும் பெற்றோருக்குக் கொடுக்கவில்லை. அப்படியும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள், நூற்றுக்கணக்கான கிராமங்களில். வறுமை தீரும் வரை காத்திருக்க வேண்டும் என்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இது.

வருமானம் ஏறினால் எல்லாம் சரியாகும் என்பதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கிராமப்புற இந்தியாவில் மழையையும் அசர் மதிப்பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வில், நல்ல மழை பெய்த ஆண்டுகளில் பள்ளி வயதுப் பிள்ளைகளின் கற்றல் குறைந்திருக்கிறது, பள்ளிக்குப் போவதும் குறைந்திருக்கிறது. காட்டில் வேலை நிறைய, கூலியும் கூட. வீட்டில் பணம் புழங்கும் ஆண்டில்தான் பிள்ளையும் காட்டுக்குப் போகிறது.

இனி சட்டம். 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் குறிப்பிட்ட தொழில்களில் 14 வயதுக்குக் கீழே தடை செய்தது. அதன் விளைவைப் பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டது தலைகீழ்: பிள்ளைகளின் கூலி குறைந்தது, வேலைக்குப் போன பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. பிடிபட்டால் அபராதம் என்பதால் முதலாளி கூலியைக் குறைத்தார். குறைந்த கூலியில் குடும்பம் பழைய வருமானத்தை எட்ட இன்னும் ஒரு பிள்ளையை அனுப்ப வேண்டியிருந்தது. போக இன்னொரு இடம், அதாவது உருப்படியான பள்ளி, இல்லாதபோது தடை இப்படித்தான் வேலை செய்யும். 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழே எல்லா வேலையையும் தடை செய்தது, நல்லது. ஆனால் பள்ளி நேரம் போக, அபாயமில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தது. வீட்டுக்கே வந்துவிட்ட பீடியையும் ஊதுபத்தியையும் குடும்பத் தொழில் என்று சொல்லிவிடுவது எளிது. இரவு பத்து மணி வரை பீடி சுற்றிய பெண் காலையில் வகுப்பில் தூங்கினால், வீட்டுக்குள் நடந்த அந்த வேலையை எந்த ஆய்வாளர் பார்த்திருப்பார்? 14 முதல் 18 வயது வரையிலான வளரிளம் பருவத்தினருக்குத் தடை செய்த தொழில்களின் பட்டியலும் அந்த 2016 திருத்தத்தில் சுரங்கம், எளிதில் தீப்பற்றும் பொருள் மற்றும் வெடிபொருள், தொழிற்சாலைச் சட்டத்தில் சொன்ன அபாயச் செயல்முறைகள் என்று மூன்றே தலைப்புக்குள் அடங்கியிருந்தது.

செங்கல் சூளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாகத் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் வருகிறார்கள். முன்பணம் வாங்கியாகிவிட்டது, கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு. அப்பா கல் அறுப்பார், அம்மா மண் குழைப்பார். அறுத்த கல் எல்லாப் பக்கமும் சீராகக் காய அதைத் திருப்பிப் போட வேண்டும். ஈரக் கல்மேல் பெரியவர் கால் பட்டால் நசுங்கும், பிள்ளையின் எடை தாங்கும் என்று அந்த வேலையைப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். பருவம் முடிந்து ஊர் திரும்பும்போது அங்கே பள்ளியாண்டு முடிந்திருக்கும். இங்கே பள்ளி இருக்கிறது, தமிழில் இருக்கிறது. திருவள்ளூரில் ஒடியா பாடநூல் வரவழைத்து, ஒடியா தெரிந்தவர்களை வைத்துச் சூளைகளுக்கு அருகிலேயே வகுப்பு நடத்திய முயற்சி நடந்திருக்கிறது. பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே, அதற்குப் புரியும் மொழியில் பள்ளி. தரம் என்று நான் சொல்வதில் இதுவும் சேர்த்தி.

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை என்பதற்கு அண்மைச் சான்று இங்கேயே இருக்கிறது. கொரோனா மூடலுக்குப் பின் தமிழ்நாட்டில் பிள்ளைகள் இழந்த கற்றலை அளந்தபோது, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. மாலையில், தெருவில் உள்ள வீட்டிலோ கோயில் திண்ணையிலோ, ஊர்ப் பெண்கள் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு நடத்திய வகுப்புகள் அவை. பாடத்தை முடிக்கும் அவசரம் இல்லாமல் பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து தொடங்கியதுதான் அதன் பலம்.

கடைசியாக, இந்தப் பேச்சில் எப்போதும் விட்டுப்போகும் வயது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வரைதான். எட்டாம் வகுப்போடு அரசின் கடமை சட்டப்படி முடிகிறது. உயர்நிலைப் பள்ளி பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. திண்டுக்கல், கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்துப் பஞ்சாலைகளுக்குச் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பெண்பிள்ளைகளைத் திரட்டியவர்கள் குறி வைத்தது இந்த வயதைத்தான். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்பார்கள். பத்தாம் வகுப்பில் தவறிய பெண்ணின் வீட்டுக்கு முகவர் வந்துவிடுவார், பள்ளியிலிருந்து யாரும் வர மாட்டார்கள். பீகார் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்தபோது அந்த வயதுப் பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் கூடியது. சைக்கிள் என்ற ஒரே பொருளால் இவ்வளவு என்றால், தூரம் எத்தனை பேரை வெளியே தள்ளியிருக்கிறது என்று யோசிக்கலாம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குத் தமிழ்நாடு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் தருகிறது, பையன்களுக்கும் 2024-ல் விரித்தது. பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு இது நல்ல உதவி. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் விழுபவர்களை இது எட்டுவதில்லை. 18 வயது வரை கல்வியை உரிமையாக்கும் சட்டத் திருத்தமும் இதுவரை வரவில்லை. சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் இதைக் கேட்டால், அபராதத் தொகையை உயர்த்துவதை விடப் பலன் அதிகம் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.